அம்மா வேண்டாம் என்ற விடுதி

சபையாரே, அந்த ஐப்பசி மாதம் என் படிப்பு முடிந்துபோனது என்றே நினைத்தேன். வாயால் சொன்னால் அழுதுவிடுவேன். அதனால் எழுதிவந்து வாசிக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் செங்கல்பட்டில் பி.எஸ்ஸி. வேதியியல் இரண்டாம் வருஷம் படித்தேன். நம் ஊரிலிருந்து உத்திரமேரூருக்கு மூன்று மைல் நடை, அங்கிருந்து பஸ். விடியுமுன் கிளம்பினாலும் போய்ச்சேரும்போது முதல் வகுப்பு பாதி முடிந்திருக்கும். சாயங்காலம் செய்முறை வகுப்பு முடிவதற்குள் திரும்புகிற பஸ் கிளம்பிவிடும். அதை விட்டால் மூன்று மைலும் இருட்டில் தனியாக நடக்க வேண்டும். அதனால் சோதனையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடுவேன். வீட்டில் புத்தகத்தைத் திறந்தால் அதன்மேலேயே தூங்கிவிடுவேன். என் ரெக்கார்டு நோட்டில் முக்கால்வாசிப் பக்கத்தில் ஆசிரியர் கையெழுத்தில்லை.

நீங்கள் எல்லோரும் எனக்காக ஜெபித்தீர்கள். பஸ் நேரத்துக்கு வர வேண்டும் என்று உபவாசம்கூட இருந்தீர்கள். பஸ்ஸோ எப்போதும்போலத் தன் இஷ்டத்துக்குத்தான் வந்தது.

ஒரு திங்கட்கிழமை பேராசிரியை என்னைக் கூப்பிட்டார். “வருகை ரொம்பக் குறைஞ்சுபோச்சும்மா. இப்படியே போனா பரீட்சை எழுத விடமாட்டாங்க. ஹாஸ்டல்ல சேந்துடேன்” என்று ஒரு விண்ணப்பத்தாளைக் கையில் கொடுத்தார்.

வீட்டில் அதைக் காட்டியதும் அம்மா ஆடித் தீர்த்துவிட்டார். “நான் உசுரோட கீறேன். எம்பொண்ணு எதுக்கு போர்டிங்ல கெடக்கணும்? நாலு பேரு இன்னா பேசுவாங்க?”

நம் சனத்துக்குத் தெரியும். அப்போதெல்லாம் போர்டிங் என்றால் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளை விடுகிற இடம். அம்மாவே அப்படி வளர்ந்தவர்தான். காலராவில் இருவரையும் பறிகொடுத்து ஆறு வயதில் அங்கே போனவர். லீவுக்குச் சில பிள்ளைகளை மாமா, சித்தப்பா என்று யாராவது வந்து கூட்டிப்போவார்களாம். அம்மாவைத் தேடி ஒருவரும் போனதில்லை. அவரிடம் நான் என்ன வாதாடுவது? அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். படிப்பை விட்டுவிட்டு நடவுக்குப் போக வேண்டியதுதான் என்று நினைத்தேன். “ஆண்டவரே, என்னால் ஒன்றும் முடியவில்லை” என்பதற்குமேல் எனக்கு ஜெபமும் வரவில்லை.

வியாழக்கிழமை அம்மாவே என்னோடு கல்லூரிக்குக் கிளம்பினார். பஸ்மேல்தான் தப்பு, பெண்மேல் இல்லை என்று பேராசிரியையிடம் சொல்லிக் கெஞ்சுவதற்காக. நாங்கள் போய்ச் சேர்ந்ததும் பிடித்த மழை விடவே இல்லை. மத்தியானத்துக்குமேல் ஏரித் தண்ணீர் ரோட்டை மூடிவிட்டது, உத்திரமேரூருக்கு இன்று பஸ் கிடையாது என்றார்கள். நனைந்துபோய் நின்ற எங்கள் இருவரையும் பேராசிரியை விடுதியில் கொண்டுபோய் விட்டார்.

அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் வருஷத்து அக்கா ஒருத்தி என் ரெக்கார்டு நோட்டைப் பிடுங்கி, நான் விட்டுப்போன சோதனைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். ஒரு வருஷமாகப் புரியாதது ஒரே சாயங்காலத்தில் புரிந்தது. சாப்பாட்டு மணி அடித்தபோது ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல் என்றார்கள். வார்டன் தன் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனார். இரண்டு பெண்கள் கஞ்சியோடு பின்னால் ஓடினார்கள். அவள் குடித்த பிறகுதான் வார்டன் சாப்பிட வந்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

காலையில் நான் தலை பின்னிக்கொண்டிருந்தபோது அம்மா மெல்லச் சொன்னார். “இங்க காய்ச்சல் வந்தா கேக்கறாங்கடி. எங்க கீது அந்த ஃபாரம்?”

எங்கே இடம் இருக்கப்போகிறது என்று பயந்துகொண்டே வார்டனிடம் போனோம். ஒரு பெண்ணுக்குக் கல்யாணமாகி, முந்தின வாரம்தான் ஒரு கட்டில் காலியானதாம்! அரசு உதவித்தொகை இருந்ததால் சாப்பாட்டுக்கும் கவலையில்லை. நாம் பஸ்ஸைக் கேட்டோம். கர்த்தரோ மழையை அனுப்பி, அந்தப் பஸ்ஸையே நிறுத்தி, எனக்கு ஒரு கட்டில் கொடுத்தார். அவருக்கே ஸ்தோத்திரம்.

அதன்பிறகு ஒரு வகுப்பும் தவறவில்லை. செய்முறையை முடித்துவிட்டு நிதானமாக வெளியே வந்தேன், நூலகம் மூடும்வரை உட்கார்ந்து படித்தேன். நாலு பேர் முன் வாயே திறக்காதவள் விடுதிப் பெண்களோடு சண்டைபோடவும் கற்றுக்கொண்டேன். பரீட்சை எழுதினேன். தேறினேன். இன்று பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன்.

அம்மா மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வராமல் இருந்தார் என்று அப்போது உங்களில் சிலர் குறைபட்டுக்கொண்டீர்கள். அந்த ஞாயிறுகளில் அவர் ஒரு தூக்குப் புளிச்சோற்றோடு விடுதி வாசலில் நின்றிருந்தார். மழையோ வெயிலோ, ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. என்னைப் பார்த்து முடித்ததும், “பாக்க ஆள் வராத பொண்ணு இருந்தா கூப்புடு” என்பார்.

பிள்ளையை வெளியே விடப் பயந்து அழுதுகொண்டிருக்கும் தாய்மார் இங்கே இருந்தால், என் ஆண்டவரை நம்பி அனுப்புங்கள். யாரும் போய்ப் பார்க்க முடியாத பிள்ளையாக இருந்தால் பெயரை மட்டும் சொல்லுங்கள். என் அம்மா முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவர் போய்ப் பார்ப்பார்.