இரண்டு ஈரலும் மூன்று மாடியும்

ஊரில் உள்ளவர்களை எல்லாம் மேலே ஏற்றி இறக்கிவிடுவது அவர் தொழில். லிஃப்ட் பழுது பார்ப்பவர். வங்கியோ மருத்துவமனையோ துணிக்கடையோ, எங்கே பெட்டி நடுவழியில் நின்று ஆள் மாட்டிக்கொண்டாலும் லிஃப்ட்காரரைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்டவர் குடியிருந்தது லிஃப்டே இல்லாத ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில். "ஊருக்கெல்லாம் பெட்டி, உங்களுக்கு மட்டும் முட்டியா?" என்று கீழ்வீட்டுக்காரர் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். அந்தக் கேலிக்குப் பதில் சொல்லும் மூச்சு, படியேறும் நேரத்தில் லிஃப்ட்காரரிடம் இருந்ததில்லை.

வேலை செய்யும் இடங்களில் படிக்கட்டில் கால் வைப்பதைத் தொழிலுக்குச் செய்யும் துரோகமாக நினைத்தவர் அவர். வீட்டுப் படியைக் காலையில் இறங்குவார், மாலையில் ஏறுவார், அவ்வளவுதான். ஏறி வந்ததற்குக் கூலியாகச் சாப்பிட உட்கார்ந்தால் அவருக்கு முன்னால் தட்டுதான் களைத்துப்போகும். தன் இடுப்பு பெல்ட்டின் கொக்கியை அவர் கண்ணால் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. இருக்கிறது என்ற நம்பிக்கையில் மாட்டிக்கொள்வார்.

மனைவிக்கு ஒரு தங்கும் விடுதியின் சலவைக்கூடத்தில் வேலை. துவைத்த போர்வைகளை ஈரத்தோடு அள்ளித் தோளில் சாத்தி, உலர்த்தும் இயந்திரத்துக்குத் தூக்கிப் போக வேண்டும். "கை மட்டும் இரும்பு, மிச்சமெல்லாம் பஞ்சு மெத்தை" என்று லிஃப்ட்காரர் சொல்வதுண்டு, அவள் காதில் விழாத தூரத்தில்.

இப்படி இருவரும் பெருத்து, ஒருவரை ஒருவர் கேலி செய்து நிம்மதியாகத்தான் இருந்தார்கள். அந்த நேரத்தில்தான் ஒரே மகளுக்குக் கண் மஞ்சளானது. கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். முதலில் சாதாரணக் காமாலை என்றார்கள். பிறகு, உடம்பு தன் கல்லீரலைத் தானே எதிரியாக நினைத்துத் தாக்குகிறது என்றார்கள். கடைசியில், வேறொருவர் ஈரலில் ஒரு பாதியை வெட்டி வைத்தால்தான் பிழைப்பாள், அதுவும் சீக்கிரம் என்றார்கள்.

"எங்கிட்ட எடுத்துக்கோங்க" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். மூன்று பேருக்கும் ஒரே வகை ரத்தம். டாக்டர் இருவருக்கும் படம் எடுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ரெண்டு பேர் ஈரல்லயும் கொழுப்பு படிஞ்சிருக்கு. இப்படியே எடுத்து வைக்க முடியாது. உடம்பைக் குறைச்சுட்டு வாங்க. யாருக்கு முதல்ல சரியாகுதோ, அவங்ககிட்ட எடுத்துக்கலாம்."

டாக்டர் நல்ல மனுஷர்தான். ஆனால் 'முதல்ல' என்ற வார்த்தையை யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

அன்று வீடு திரும்பியபோது முதல் மாடித் திருப்பத்திலேயே மகள் உட்கார்ந்துவிட்டாள். மனைவி குனிந்து, போர்வை மூட்டையை அள்ளுவதுபோல அவளை அள்ளிக்கொண்டு ஏறினாள். லிஃப்ட்காரர் மருந்துப் பையோடு பின்னால் மூச்சிரைக்க வந்தார். வந்துகொண்டே முடிவு செய்தார்: இந்தக் கையை அறுவை மேசையில் படுக்கவிடக் கூடாது. முன்னால் போனவளும் ஒரு முடிவு செய்தாள்: இந்த மூச்சு கத்தியைத் தாங்காது.

"நான்தான் கொடுப்பேன்" என்றார் அவர், வீட்டுக்குள் நுழைந்ததும்.

"கொடுத்துட்டு? வயித்துல தையலோட அந்தக் குழிக்குள்ள இறங்கி லிஃப்ட் கயித்தப் பிடிச்சுட்டு நிப்பீங்களா?"

"நீ மட்டும் தையலோட மூட்டை தூக்குவியா?"

மறுநாளிலிருந்து போட்டி தொடங்கியது. அவர் ஓட்டம் என்றார். குடியிருப்புக்குப் பின்னால் இருந்த திடலைச் சுற்றி விடியற்காலையில் ஓட ஆரம்பித்தார். ஓட்டம் என்று அவர் சொன்னார். நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர்கள் அவரைத் தாண்டிப் போனார்கள். அவள் மருந்துக்கடைக்கு மேலே இருந்த உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்து இரும்பைத் தூக்கினாள். அங்கிருந்த மாஸ்டர் முதல் நாளே அவள் கையைப் பார்த்து மரியாதையாக ஒதுங்கி நின்றாராம். இரண்டு டம்பெல்லை வாங்கி வந்து கட்டிலுக்கு அடியிலும் வைத்துக்கொண்டாள்.

சாப்பாட்டு மேசை பட்டிமன்ற மேடையானது.

"ஓடினாத்தான் கொழுப்பு கரையும். நெஞ்சு அடிச்சுக்கணும், உடம்பு வேர்க்கணும்" என்பார் அவர்.

"வேர்த்தா தண்ணிதான் போகும். சதையை உறுதியாக்கிட்டா, சும்மா உக்காந்திருக்கும்போதும் கொழுப்பு எரியும்னு மாஸ்டர் சொல்றாரு."

"சும்மா உக்காந்தா எரியும்னா, நான் இதுக்குள்ள சாம்பலாயிருக்கணுமே."

அந்தச் சந்தடியில் ஒரு விஷயத்தை இருவருமே கவனிக்கவில்லை. பந்தயத்தில் ஜெயிக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, நாம் வேகமாக ஓடுவது. இன்னொன்று, பக்கத்தில் ஓடுபவர் காலைப் பிடித்து இழுப்பது. அன்பு மிகுந்த இடத்தில் இரண்டாவது வழிதான் சுலபமாகத் தோன்றும் போலிருக்கிறது.

லிஃப்ட்காரர் வேலை முடிந்து வரும்போது க்ரீம் பன் வாங்கி வருவார். "பாவம், இரும்பு தூக்கிக் களைச்சுப் போயிருப்பே, உனக்குப் பிடிக்குமேன்னு வாங்கினேன்" என்று நீட்டுவார். வாங்கி வந்தவர் முகம் வாடக் கூடாதே என்று அவள் தின்பாள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. அவர் சோற்றுக்குள் குழிபறித்து, வெண்ணெயை வைத்து மூடிவிடுவாள். முட்டையை எண்ணெயில் நீந்தவிட்டு எடுப்பாள். ஓடிவந்த பசியில் அவருக்கு அது அமிர்தமாக இருந்தது. ஓட ஆரம்பித்த பிறகு நாக்கில் ருசி கூடிவிட்டதாக அவர் கீழ்வீட்டுக்காரரிடம் பெருமையடித்துக்கொண்டார். ஓட்டத்தின் நன்மைகளில் அதையும் சேர்த்துக்கொண்டார்.

அடுத்த முறை படம் எடுத்துப் பார்த்த டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. ஒருவருக்கும் குறையவில்லை. லிஃப்ட்காரருக்குக் கொஞ்சம் கூடியும் இருந்தது.

"ஓடினது வீண்னு நான் அப்பவே சொன்னேன்" என்றாள் அவள் வெளியே வந்து.

"உன் இரும்பு மட்டும் என்னத்தக் கிழிச்சுது?"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். அவர்கள் இப்படிக் கூடத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்த நாட்களில் மகளின் வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது. கை கால் குச்சியாகி, வயிறு மட்டும் உப்பியது. அந்த வீட்டில் வயிறு பெருப்பது சிரிப்பதற்கான விஷயமாகத்தான் அதுவரை இருந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். அப்பாவின் தட்டில் கரண்டியை விட்டுச் சோற்றைப் பிளந்தாள். உள்ளே வெண்ணெய் மஞ்சளாக உருகிக்கொண்டிருந்தது. பிறகு அப்பாவின் வேலைப் பையைத் திறந்து, ஸ்க்ரூ டிரைவர்களுக்கு நடுவே பத்திரமாக இருந்த க்ரீம் பன்னை எடுத்து அம்மாவின் தட்டில் வைத்தாள்.

"நாள் பூரா வீட்ல படுத்திருக்கேன். எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யார் முகத்தில் திருட்டு முழி அதிகம் என்று சொல்ல முடியாது.

"அப்பாவக் காப்பாத்தணும்னு அம்மா. அம்மாவக் காப்பாத்தணும்னு அப்பா. நல்லா இருக்கு. நடுவுல நான் ஒருத்தி சாகக் கிடக்கிறது ரெண்டு பேருக்கும் மறந்துபோச்சு" என்றாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தத் தெம்பில்லை.

லிஃப்ட்காரர் பாதிச் சாப்பாட்டில் எழுந்தது வாழ்க்கையிலேயே அன்றுதான். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார். மகளுக்கு உயிர் கொடுக்கப் புறப்பட்டு, அவள் நாட்களைத் தின்றுகொண்டிருந்தோமே என்று நெஞ்சு எரிந்தது.

அதற்குப் பிறகு சமையல் மகளின் அதிகாரத்துக்குப் போனது. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அவள் சொல்ல, இவர்கள் வேகவைத்தார்கள். காய், பருப்பு, வெந்த முட்டை, ஒரு பிடி சோறு. அவள் கண் முன்னாலேயே சாப்பிட வேண்டும். பெற்றவர்களை அதட்டி உண்ண வைப்பதில் அவளுக்கு ஒரு தெம்பு வந்ததைப் பார்த்து, அவர் வேண்டுமென்றே ஒன்றிரண்டு முறை முகத்தைச் சுளித்துத் திட்டு வாங்கிக்கொண்டார்.

ஆனால் கொள்கையை மட்டும் இருவரும் விடவில்லை. அவர் ஓட்டம் உண்மையிலேயே ஓட்டமானது. திடலில் பெரியவர்கள் வழிவிட்டார்கள். எடை மளமளவென்று இறங்கியது. பெல்ட் கொக்கி பல வருஷத்துக்குப் பிறகு அவருக்குத் தரிசனம் தந்தது. தொப்பையோடு தோளும் கையும் சேர்ந்து கரைந்ததை அவர் பொருட்படுத்தவில்லை. மனைவி விஷயம் நேர்மாறு. எடைக்கருவியின் முள் பிடிவாதமாக அங்கேயே நின்றது, ஆனால் உடையெல்லாம் இடுப்பில் தொளதொளத்தது. "முள்ளு அசையலையே, நான் ஜெயிச்சாச்சு" என்றார் அவர். "முள்ளுக்கு என்ன தெரியும், கொழுப்பா சதையான்னு?" என்றாள் அவள்.

மூன்றாவது படத்தில் இருவருக்குமே சரியாகிவிட்டது. லிஃப்ட்காரருக்குப் பொறுக்கவில்லை. "டாக்டர், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ஓட்டமா, இரும்பா?"

"ரெண்டுமே நல்லதுதான். ரெண்டையும் சேர்த்துச் செஞ்சிருந்தா இன்னும் நல்லது. ஆனா முக்காவாசி வேலையச் செஞ்சது உங்க தட்டு."

இருவர் முகமும் தொங்கிப்போனது. வாசலில் உட்கார்ந்திருந்த மகள் மட்டும் சிரித்தாள்.

கொழுப்பு இறங்கிய பிறகுதான் உள்ளே குழாய்கள் போகும் பாதையைப் படம் எடுப்பார்களாம். அதில் எல்லாம் முடிவாகிவிட்டது. லிஃப்ட்காரரின் பித்தக்குழாய் பிறவியிலேயே கோணலாகப் பிரிந்திருந்தது. அவரிடம் எடுப்பது ஆபத்து. மனைவிக்கு எல்லாம் நேராக இருந்தது. அத்தனை ஓட்டத்துக்கும் அத்தனை இரும்புக்கும் கட்டுப்படாமல், அவர் பிறந்த அன்றே முடிந்துபோன விஷயம் அது. ஓடி ஓடி இளைத்து எல்லைக் கோட்டைத் தொடும்போது, உங்கள் பெயரே பட்டியலில் இல்லை என்று சொன்னதுபோல அவர் நின்றார்.

"ஜெயிச்சுட்டேன்" என்றாள் அவள். சொல்லும்போது அவர் சட்டைக் கையைப் பிடித்திருந்த அவள் விரல்கள் சில்லிட்டிருந்தன.

அறுவை அன்று முதலில் மகளைக் கொண்டுபோனார்கள். அடுத்து மனைவியைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்து லிஃப்டுக்குள் ஏற்றினார்கள். இரண்டு சிஸ்டர்களும் மருந்து ஏற்றும் கம்பியும் நின்றதில் அவருக்கு இடமில்லை. அறுவை அரங்கம் ஏழாவது மாடியில். கதவு மூடியதும் அவர் காதைத் தீட்டினார். பெட்டி கிளம்பும்போது லேசாக ஒரு குலுங்கல். ஊர் லிஃப்டுகளை எல்லாம் நம்பிய மனுஷர் அந்த ஒன்றை நம்பவில்லை. படிக்கட்டில் பாய்ந்தார்.

ஏழாவது மாடியில் கதவு திறந்தபோது அவர் எதிரில் நின்றார். அவளுக்குக் கண் விரிந்தது. மூச்சு வாங்குகிறதா என்று அவர் நெஞ்சையே பார்த்தாள். வாங்கவில்லை.

"பரவாயில்ல, ஓட்டம் வீண் போகலை" என்றாள்.

அவர் குனிந்தார். அவள் நெற்றியில் கையை வைத்தார். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

இருவரும் பிழைத்தார்கள். மகளின் கண்ணில் மஞ்சள் இறங்கியது. மனைவியை முதல் முறை படுக்கையிலிருந்து எழுப்பி உட்கார வைக்கச் சொன்னபோது லிஃப்ட்காரர் முன்னால் வந்து முதுகுக்கடியில் கை கொடுத்தார். கை நடுங்கியதே தவிர அவள் அசையவில்லை. ஒல்லியான சிஸ்டர் ஒருத்தி வந்து, "கொஞ்சம் தள்ளிக்கோங்க சார்" என்று ஒரே மூச்சில் தூக்கி உட்கார வைத்தாள். கட்டிலில் இருந்தவளுக்குச் சிரிப்பு வந்தது. தையல் வலிக்கும் என்று அடக்கிக்கொண்டாள்.

அவளை வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னது ஒன்றுதான். "மூணு மாசத்துக்கு எடையே தூக்கக் கூடாது. நல்லா நடங்க. நடைதான் மருந்து."

மகள் இன்னும் சில வாரம் மருத்துவமனையில் இருக்க வேண்டியிருந்தது. வீட்டில் மனைவி கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடந்தாள். நடந்தால் உடம்பு எவ்வளவு லேசாகிறது என்று பக்கத்து வீட்டம்மாவுக்கு வகுப்பெடுத்தாள். அந்த நேரத்தில் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு லிஃப்ட்காரர் என்ன செய்கிறார் என்று அவள் கேட்கவில்லை. கட்டிலுக்கு அடியில் டம்பெல்கள் இடம் மாறிக் கிடந்ததைப் பார்த்தாள். பார்க்காததுபோல இருந்துவிட்டாள்.

மகள் வீடு திரும்பிய நாள், வாசலுக்கு வண்டி வந்தபோது மனைவி கீழே இறங்கி நின்றிருந்தாள். முதல் மாடி வரை மகள் தானே ஏறினாள். திருப்பத்தில், முன்பு உட்கார்ந்த அதே படியில், கால் துவண்டு உட்கார்ந்தாள். மனைவி குனிந்து இரண்டு கையையும் நீட்டினாள். நீட்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது. கைகளை வயிற்றோடு சேர்த்து மடக்கிக்கொண்டாள்.

"நீ நட" என்றார் லிஃப்ட்காரர்.

முழங்காலுக்கு அடியில் ஒரு கை, முதுகுக்கு ஒரு கை கொடுத்து மகளைத் தூக்கிக்கொண்டார். மூச்சு தாராளமாக இருந்தது. கைதான் நடுங்கியது. இரண்டாவது மாடியில் கீழ்வீட்டுக்காரர் எதிரே வந்தார், வாயைத் திறந்தார், கேலி எதுவும் கிடைக்காமல் சுவரோரம் ஒதுங்கினார். பின்னால் மனைவி வெறுங்கையோடு, "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

"கை நடுங்குதேப்பா. நான் அவ்வளவு கனமாவா இருக்கேன்?" என்றாள் மகள்.

"சேச்சே, நீ எங்கடா கனம்."

"பாத்து ஏறுங்க. அம்மாவையும் சேர்த்துத்தான் தூக்கிட்டுப் போறீங்க."

அவர் ஒரு படியில் நின்றார். பின்னால் 'மெதுவா' என்ற குரலும் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால் கால் தடுமாறும் என்று அவர் திரும்பவில்லை. பிடியை இறுக்கிக்கொண்டு மிச்சப் படிகளை ஏறினார்.