ஆசிட் கேனில் ஒரு குவளைத் தண்ணீர்

தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரியில் நான் கெமிஸ்ட்ரி லேப் அட்டெண்டர். செய்முறைத் தேர்வுக்கு வந்த எக்ஸாமினர்களில் ஒருவரை மட்டும் மறக்க முடியவில்லை. ஒல்லி உடம்பு, குற்றாலத்தில் குளித்து ஈரம் காயாத தலை, சட்டைப்பையில் புளியங்குடி எலுமிச்சம்பழம். பேசிக்கொண்டே அதை எடுத்து முகர்வார்.

அன்று காலை, தேர்வுக்காக நான் கலந்துவைத்திருந்த ஆசிட் கேனில், என் கண்ணெதிரே ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினார். ஏனென்று கேட்கக் கூச்சமாக இருந்தது. நிறம் மாற எவ்வளவு ஆசிட் பிடிக்கிறது என்று பார்ப்பதுதான் தேர்வு. வழக்கம்போலப் பிள்ளைகள் காதில், "இருபது மில்லி" என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் இருபது எழுதினார்கள். ஒரு பெண் மட்டும் இருபத்திநாலு எழுதிவிட்டு, பெயிலாகிவிடுவோமோ என்று கண் கலங்கி நின்றாள்.

"ஒனக்கு மட்டும் ஏம்மா கூடுது?" என்றார் எக்ஸாமினர்.

"மூணு தடவ பாத்துட்டேன் சார். ஆசிட்ல தண்ணி சேந்திருக்கும் போல."

எலுமிச்சம்பழத்தை அவள் கையில் வைத்தார். "நீ பாஸ். மத்தவங்கள்லாம் திரும்பச் செய்யுங்க." பிறகு என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, நான் ஊத்துனத பாத்துக்கிட்டுதான நின்னீங்க? பெறவும் பழைய கணக்கையே சொல்லுதீங்களே!"

லேப்பே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

கதவைச் சாத்திவிட்டு ஊற்றியிருக்கலாமே, என் முன்னால் ஏன் ஊற்றினார்? அடுத்த முறை வந்தால் கேட்க வேண்டும், கூச்சம் விட்டால்.