நாலாவது காபி

என் அண்ணி பள்ளிச் சீருடை தைக்கிறவள். மிஷின் நின்றாலும் அவள் வாய் நிற்காது. அப்பேர்ப்பட்டவள் ஜப்பான் மொழி படிக்கப்போகிறேன் என்றதும், இருக்கிற மொழியில் பேசித் தீர்த்தாகிவிட்டதா என்று கேட்டேன். நாத்தனார் என்றால் சும்மாவா?

காரணம் அவள் மகன். ஜப்பானில் லிஃப்ட் மெக்கானிக். போன வருஷம் ஏணியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டான். உடனே ஓடுவதற்கு அண்ணியிடம் பாஸ்போர்ட்கூட இல்லை. இங்கே அவள் அழுதுகொண்டிருக்க, அங்கே அவன் அறைக்குக் கீழே காபிக் கடை வைத்திருக்கும் ஜப்பான்காரம்மா தினமும் மாடியேறிப் போய்ச் சாப்பாடு கொடுத்து, துணி துவைத்துப் போட்டு, ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போனாள். பெற்றவள் செய்ய வேண்டிய அத்தனையும் யாரோ ஒருத்தி செய்தாள். அந்த மகராசி நன்றாக இருக்கட்டும்.

"நேர்ல போயி என் வாயாலயே நன்றி சொல்லணும். இவன்கிட்ட விட்டா, நான் எவ்வளவு பேசினாலும் 'தேங்க்ஸாம்'னு முடிச்சிடுவான்" என்றாள் அண்ணி. அது உண்மைதான். வீடியோ காலில் அவள் உருகி உருகிப் பேசியதை எல்லாம் அந்தப் பாவி ஒரே சொல்லில் சுருட்டியதை நானே பார்த்திருக்கிறேன்.

போனில்தான் பாடம். பயணத்துக்குள் அவள் எட்டியது காபிக் கடையில் கேட்டு வாங்கும் பாடம் வரைதான். அதையாவது மரியாதையாகக் கேட்கலாம் என்று பிடித்துக்கொண்டாள். நம் 'நீ', 'நீங்க' மாதிரி அங்கேயும் உண்டாம். 'குடு' என்பது வேறு, 'உங்ககிட்ட வாங்கிக்கலாமா' என்பது வேறாம். காலர் வைக்கும்போதும் பட்டனுக்குக் காஜா எடுக்கும்போதும் அதே முணுமுணுப்பு. எனக்கே மனப்பாடமாகிவிட்டது.

ஒருவழியாகப் போய்ச் சேர்ந்து, அந்தக் கடையில் நான், அண்ணி, அவள் மகன் மூவரும் உட்கார்ந்தோம். கடைக்காரம்மா ஏப்ரனோடு வந்து குனிந்து வணங்கினாள். மகன் வாயைத் திறப்பதற்குள் அண்ணி கையைக் காட்டி அவனை அடக்கினாள்.

"கோஹீ ஒ யொத்சு, இத்ததக்கெமாஸ் கா?"

நாலு காபி உங்களிடம் வாங்கிக்கொள்ளலாமா என்று அர்த்தம். பையன் வாயைப் பிளந்தான். அவனுக்கு அவள் படித்த விஷயமே தெரியாது. கடைக்காரம்மா எங்களை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு, மூன்று விரலைக் காட்டி எதையோ கேட்டாள். போச்சு, இவ்வளவு படித்து எண்ணிக்கையில் கோட்டைவிட்டாளே என்று நான் முழங்கையால் இடித்தேன்.

அண்ணி அசையவில்லை. மறுபடியும் "யொத்சு", நாலுதான் என்று சொல்லி, பக்கத்தில் இருந்த காலி நாற்காலியை இழுத்துப்போட்டு, இரண்டு கையாலும் அதைக் காட்டினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தம்மாவை நிற்க வைத்துவிட்டு நாம் மட்டும் குடிப்பதா?

அந்தம்மா நாலு காபி கொண்டுவந்து வைத்து, ஏப்ரனைக் கழற்றி மடித்துவிட்டு உட்கார்ந்தாள். வாடிக்கையாளர் மேசையில் அவள் உட்கார்ந்ததைத் தான் பார்த்ததே இல்லை என்றான் பையன்.

அண்ணி படித்த பாடம் அதோடு தீர்ந்தது. அந்தம்மா கையைப் பிடித்துக்கொண்டு தமிழில் ஆரம்பித்தாள். "எம்புள்ள விழுந்தப்ப நான் இங்க இல்ல. நீங்க இருந்தீங்க. அவன் சாப்பிட்டானோ இல்லையோன்னு நான் அங்க தவிச்சப்பல்லாம், இங்க நீங்க குடுத்துட்டு இருந்திருக்கீங்க..." காபி ஆறிப்போகும்வரை பேசினாள்.

முடித்துவிட்டு மகனைப் பார்த்தாள். சுருட்டிவிடுவானே என்று எனக்குப் பகீரென்றது. ஆனால் அவன் ஜப்பான் மொழியில் பேசினான், பேசிக்கொண்டே இருந்தான். நடுவில் குரல் கம்மியது. அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் தலையைத் தடவினாள்.

"ஏண்டா, உங்கம்மா பேசினதே இவ்வளவு இல்லையேடா?" என்றேன்.

"அம்மா சொன்னது அப்பவே முடிஞ்சிடுச்சு அத்தை. அப்புறம் சொன்னதெல்லாம் என்னோடது. இத்தனை நாள் கீழயே இருந்தாங்க, நான் ஒரு தடவைகூட சொன்னதில்ல."