கழுதையும் கடிகாரமும் அக்காவின் சிரிப்பும்

குமுதா அக்காவின் சிரிப்பு முதலில் மூக்கில்தான் தொடங்கும். குக்கர் சூடேறும்போது 'உஸ்' என்று ஒரு சத்தம் வருமே, அப்படி மெல்லக் கிளம்பி, தோள் குலுங்கி, கண்ணில் தண்ணீர் முட்டி, பிறகு ஒரேயடியாக விசில் அடிக்கும். திருவண்ணாமலையில் எங்கள் தெருவே அந்தச் சிரிப்புக்கு 'குக்கர்' என்று பெயர் வைத்திருந்தது. "என்னாடி, உங்க வீட்ல குக்கர் இன்னும் எறங்கலியா?" என்று எதிர்வீட்டுக்காரர்கள் என்னைக் கேட்பார்கள். பத்து வயதில் எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. அம்மாவோ ஒவ்வொரு விசிலுக்கும் ஓடிப்போய் வாசல் கதவைச் சாத்துவாள். ஏற்கெனவே ஒரு வரன் அந்தச் சிரிப்பால் தட்டிப் போயிருந்தது. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் சித்தப்பா நாற்காலியோடு மல்லாந்து விழ, அடுக்களையிலிருந்து அக்கா விசில் அடித்துவிட்டாள். பஜ்ஜியை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு, "போயி தகவல் சொல்றோம்ங்க" என்று கிளம்பியவர்கள், போனவர்கள் போனவர்கள்தான்.

ஆகவே கீழ்பென்னாத்தூரிலிருந்து இரண்டாவது வரன் வந்தபோது அம்மா கங்கணம் கட்டிக்கொண்டாள். மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, வியாபாரம் செய்கிற குடும்பம். மாப்பிள்ளை அதிகம் பேசமாட்டார். அவருடைய அம்மா அதைவிடக் குறைவாகப் பேசுவார். பெண் பார்த்த அன்று அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு எப்படியோ தப்பித்தாள். அடுத்தது சினிமா. உறுதி செய்வதற்கு முன் இரண்டு குடும்பமும் சேர்ந்து அண்ணாமலையாரைக் கும்பிட்டு, மத்தியானச் சாப்பாடு முடித்து, சாயங்காலம் ஒரு படம் பார்ப்பது அந்தக் காலத்தில் எங்கள் வீடுகளில் வழக்கம். பெண்ணையும் பையனையும் ஒரே வரிசையில் உட்காரவைத்து, நடுவில் நாலு பெரியவர்களை நிரப்பிவிடுவார்கள். இதில் யார் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்களோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எந்தப் படம் என்பதில் அம்மா காட்டிய கவனம் இருக்கிறதே, அதில் பாதியை ஜாதகத்தில்கூடக் காட்டவில்லை. தெருமுனை அத்தர் கடை பாயின் வீட்டம்மா ஊரில் ஓடுகிற எல்லாப் படத்தையும் பார்த்துவிடுவார். அவரிடம் போய், "சிரிப்பு சீனு எதனா இருக்கா?" என்று அம்மா விசாரித்தாள். "ஒண்ணுகூட கெடையாதுங்க. மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் அழுவாச்சிதான். கைக்குட்ட ஜாஸ்தியா எடுத்துக்கினு போங்க" என்றார் அவர். அம்மாவுக்கு அப்படி ஒரு நிம்மதி. "நல்லா அழுவுடி குமுதா. குடும்பப் பொண்ணுன்னு நெனப்பாங்க" என்று சொல்லியே அக்காவுக்கு மல்லிகைப்பூ வைத்துவிட்டாள்.

அம்மா கேட்டது படத்தைப் பற்றி. படத்துக்கு முன்னால் என்ன போடுகிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. நாங்கள் தியேட்டருக்குப் பக்கத்திலேயே குடியிருந்ததால் எப்போதும் பேர் போடும் நேரத்துக்குத்தான் உள்ளே நுழைவோம். ஆனால் அந்தத் தியேட்டரில், கிராமத்து டவுன் பஸ் வந்து கூட்டம் நிரம்பும்வரை, சும்மா உட்கார்ந்திருப்பவர்களுக்காகப் பழைய கார்ட்டூன் ஒன்றை ஓட்டுவார்கள். சம்பந்தி வீட்டாரைக் காக்கவைக்கக் கூடாது என்று அன்றைக்குப் பார்த்து அவர்களையும் கூட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்திருந்தோம். விளக்கு அணைந்தது.

அது என்ன பெரிய படம்? பத்து நிமிஷம்கூட இராது. கறுப்பு வெள்ளை, பேச்சு கிடையாது, வாத்தியச் சத்தம் மட்டும். தொப்பி போட்ட குண்டு மனிதர் ஒருவர், ஆள் உயரக் கடிகாரத்தை வண்டியில் ஏற்றி, கழுதையைப் பூட்டி, மலைமேல் இருக்கும் தன் வீட்டுக்குக் கொண்டுபோகப் பார்க்கிறார். பாதி வழியில் கடிகாரம் 'டாங்' என்று அடிக்கும். கழுதை பயந்துபோய்ச் சட்டென்று உட்கார்ந்துவிடும். வண்டி கழுதையையும் இழுத்துக்கொண்டு அடிவாரத்துக்கே திரும்பிவிடும். மறுபடி ஏற்றம், மறுபடி 'டாங்'. கழுதையின் காதில் பஞ்சை அடைப்பார். அது ஒரு தும்மல் போட, பஞ்சு இவர் வாய்க்குள் போய்விடும். பெண்டுலத்தைப் பிடித்து நிறுத்தப் போவார். கழுத்துப்பட்டை அதில் மாட்டிக்கொண்டு, இவர் தலையே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இடித்து மணி அடிக்கும். கடைசியில் கழுதை கால்மேல் கால் போட்டு வண்டியில் உட்கார்ந்திருக்க, தொப்பிக்காரர் அதையும் கடிகாரத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு மலையேறுவார்.

எங்கள் ஊர் ஜனம் இதை வாயை மூடிக்கொண்டு பார்க்குமா? "யோவ், கடியாரத்த சாவி குடுக்காம எடுத்துக்கினு போய்யா!" என்று தரை டிக்கெட்டிலிருந்து ஒரு குரல் யோசனை சொன்னது. "கழுத உசாருப்பா" என்றது இன்னொன்று. "வீட்ட எதுக்கு அவ்ளோ ஒசரத்துல கட்டணும்? தண்ணிக்கு இன்னா பண்ணுவான்?" என்று பின்வரிசை அம்மாள் ஒருவர் நிஜமாகவே கவலைப்பட்டார். அக்கா கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். மூக்கில் 'உஸ்' தொடங்கியதும் அம்மா அவள் தொடையைக் கிள்ளியதை நான் பார்த்தேன். தொப்பிக்காரரின் தலை தன் முதல் 'டாங்'கை அடித்தது. அவ்வளவுதான், விசில் கிளம்பிவிட்டது. தரை டிக்கெட்டில் இருந்தவர்கள் படத்தை விட்டுவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மாப்பிள்ளையின் அம்மாவும் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு முந்தானையை இழுத்து முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அம்மாவுக்கு உயிரே போய்விட்டது. அதோடாவது முடிந்ததா? அழுவாச்சிப் படத்தில் கதாநாயகி கும்பிடப் போன கோயிலில் மணி அடிக்க, அங்கேயும் அக்காவுக்குக் கழுதை ஞாபகம் வந்து தொலைத்தது. தியேட்டரே மூக்கைச் சிந்திக்கொண்டிருக்க, குக்கர் மட்டும் விசில் அடித்தது. வெளியே வந்ததும் மாப்பிள்ளை அன்றைய நாளின் ஒரே வார்த்தையாக, யாரையும் பார்க்காமல், "கழுத பாவங்க" என்றார். பஸ் ஏறிப் போய்விட்டார்கள்.

தகவல் வரவில்லை. அம்மா அக்காவோடு பேசுவதை நிறுத்தினாள். "ரெண்டாவதும் போச்சுன்னா அப்பறம் எவன் வருவான்?" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். அக்கா சிரிப்பதையே விட்டுவிட்டாள்; நான் அந்தத் தொப்பிக்காரர் மாதிரி நடந்துகாட்டினால்கூட, "போடி அந்தாண்ட" என்று துணியை மடிக்கப் போய்விடுவாள். எனக்கு அழுகை அழுகையாய் வந்தது. எங்கள் வீட்டுக் கவலை தெருவுக்கும் தெரிந்து, அத்தர் கடை வாசலில் பஞ்சாயத்தே நடந்தது. "தப்பு பொண்ணு மேல இல்ல. மனுசனுக்கு அறிவு கம்மி, கழுதைக்கு ஜாஸ்தி. அதப் பாத்தா சிரிக்காம இன்னா பண்ணுவாங்க?" என்று பாய் தீர்ப்புச் சொன்னார்.

ஒருநாள் காலையில் மாப்பிள்ளையின் அம்மா தனியாக, ஒரு பை நிறைய மல்லாட்டையோடு வந்து இறங்கினார். அம்மா கை பிசைந்துகொண்டு, "சின்னப் பொண்ணு, தெரியாம சிரிச்சிட்டா" என்று தொடங்கினாள். அவர் கையமர்த்தினார். "நானுந்தான் சிரிச்சேன். முந்தானய வாயில வச்சி அமுக்கிக்கினேன். எங்க மாமியாருக்கு பயந்து அப்பிடியே பழகிப் போச்சுங்க. அவங்க போயி சேந்து வருசமாவுது, இன்னும் கை தானா வாய்க்கு போவுது. எங்க வீட்ல ஒருத்தியாவது வாயத் தொறந்து சிரிக்கட்டும். வீட்ல பேசி முடிக்கத்தான் நாளாயிடுச்சி" என்றார். அக்கா கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள். அம்மா அவர் எதிரிலேயே அழுதாள்.

கல்யாணத்துக்குப் பிறகு அந்தக் கழுதை அவர்கள் வீட்டில் நிரந்தரமாகக் குடியேறியது. அக்கா தொப்பிக்காரர் கட்சி. பாடுபட்டவர் அவர்தானே என்பாள். மாமா கழுதை கட்சி. குழம்பில் உப்பு கம்மி என்று தொடங்கும் சண்டைகூட, "நீ அந்தக் குண்டன் கட்சிதானே" என்றுதான் முடியும், முடியும்போது விசிலும் கேட்கும்.

போன வருஷம் மாமா போய்விட்டார். அக்கா இப்போது வேங்கிக்காலில் மகனோடு இருக்கிறாள். சாப்பிடுகிறாள், பேசுகிறாள், பேத்திக்குத் தலை வாரிவிடுகிறாள். சிரிப்பு மட்டும் இல்லை. அந்தத் தியேட்டரும் இல்லை. பௌர்ணமிக்கு வருகிற வெளியூர் வண்டிகள் அந்த இடத்தில் நிற்கின்றன. பாய் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள்.

சென்ற மாதம் எதையோ தேடப்போய் அந்தக் கார்ட்டூன் என் செல்போனில் அகப்பட்டது. கீழே உலகத்து ஜனமெல்லாம் கருத்து எழுதியிருந்தது. இசை பிரமாதமாம். வரைந்த கை அற்புதமாம். இந்தக் காலத்தில் யார் இதற்குச் சிரிப்பார்கள் என்று ஒருவர். விலங்கை வதைக்கிறார்கள் என்று ஒருவர். தண்ணிக்கு என்ன செய்வான் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அன்றைக்கே பஸ் பிடித்து வேங்கிக்காலுக்குப் போனேன்.

அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். 'டாங்' வந்தது, பஞ்சு வந்தது, தலையே மணி அடித்தது. அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. இதை ஏன் கொண்டுவந்தோம் என்று எனக்கே என்மேல் கோபம் வந்தது. படம் முடிந்தும் அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொருவாட்டி போடு" என்றாள்.

போட்டேன். கழுதை முதல்முறை பயந்து உட்கார்ந்த இடத்தில் விரலால் தொட்டு நிறுத்தினாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

"அவுரு சொன்னது சரிதாண்டி. கழுத பாவந்தான்."

சொன்னவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். "உசுரோட இருக்கும்போது ஒருநாள்கூட ஒத்துக்கல பாரு நானு" என்றாள். அப்போது மூக்கில் மெல்ல 'உஸ்' கேட்டது. தோள் குலுங்கியது. விசில் அடித்த சத்தத்தில், அடுக்களையிலிருந்து அவள் மருமகள் கரண்டியோடு ஓடிவந்து நின்றாள்.