பாய் இல்லாத தரை

"லயத்துல இருந்து வர்ற புள்ளைக்கு வெள்ளைக்காரன் வீட்டுச் சாமான் எல்லாம் அடையாளம் தெரியுமா?"

என்னை வேலைக்கு எடுத்த நாளில் எங்கள் மேற்பார்வையாளர் கேட்டது இது. பண்டாரவளை டவுன்காரர். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே சந்தேகப்பட்டார். "தெரியாட்டி படிச்சிக்குவேன் சேர்," என்றேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இருந்தது.

படம் பார்ப்பதுதான் வேலை. தூர தேசத்து வீடுகளுக்குள் இருக்கும் கமெராக்கள் எடுத்த சிறு காணொளிகள் எங்கள் கணினிக்கு வரும். கதவு, கதிரை, நாய் என்று ஒவ்வொன்றையும் சுற்றிக் கட்டம் போட்டுப் பெயர் குறிக்க வேண்டும். ஆள் இருந்தால் என்ன செய்கிறார் என்பதையும் குறிக்க வேண்டும்: நிற்கிறார், சாப்பிடுகிறார், தூங்குகிறார், விழுந்துவிட்டார். தனியாக வாழும் முதியவர் விழுந்தால் தானே கண்டுபிடித்து உதவிக்கு ஆள் கூப்பிடும் இயந்திரம் ஒன்றுக்கு இப்படித்தான் நாங்கள் பாடம் சொல்லிக்கொடுக்கிறோம். எங்கள் அலுவலக அறையில் எல்லாரையும்விட வேகமாக முடிப்பவள் நான்.

எங்கள் லயம், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடு, வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. வீட்டுக்கு ஒரே அறை, அந்தக் காம்பராவில் ஐந்து பேர் படுக்கிறோம். காலையில் அம்மா ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டுக் கொழுந்து பறிக்க மலை ஏறுவார். நான் பஸ் ஏறுவேன். பண்டாரவளையில் இறங்கிக் கணினியைத் திறந்தால், லயத்தைக் கட்டியவனின் பேரப்பிள்ளைகளுடைய வீடு. ஒரு மணி நேரத்தில் நூறு வருடத்தைத் தாண்டிவிட்டதுபோல இருக்கும். தாண்டிப் போனவளுக்கு அங்கே பேச்சு கிடையாது. பார்க்க மட்டும்தான் அனுமதி.

பார்த்ததையெல்லாம் அம்மாவிடம் சொல்வேன். சுவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னால் விளக்கு எரிகிறது. ஆறு கதிரை போட்ட மேசை இருக்க, ஒருவர் அடுப்பருகே நின்றபடியே தனியாகச் சாப்பிட்டு முடிக்கிறார். சுவர் நிறையப் பிள்ளைகளின் படம். வாசலுக்கு வருவதோ பொதி கொண்டுவருகிறவன் மட்டும். அவனும் கீழே வைத்துவிட்டுக் கதவைத் தட்டாமல் போய்விடுகிறான். நாய்க்குத் தனி மெத்தை.

"நாய்க்கு மெத்தையா? அடுத்த பொறப்புல என்னைய அங்க நாயா பொறக்க வைக்கச் சொல்லு மாரியாத்தாகிட்ட," என்பார் அம்மா, வீங்கிய காலை நீவிக்கொண்டே.

போன மாதம் சேர் என்னைத் தன் மேசைக்கு அழைத்து, நான் குறித்த காணொளி ஒன்றை ஓடவிட்டார். சமையலறைத் தரையில் ஒரு வயதான பெண் ஒருக்களித்துக் கிடக்கிறார். தானே தரை கூட்டும் வட்டமான இயந்திரம் ஒன்று வந்து அவர் பாதத்தில் முட்டுகிறது. திரும்புகிறது. மறுபடியும் முட்டுகிறது. மேலே என் குறிப்பு: தூங்குகிறார்.

"இது தூக்கமா?"

"எங்க லயத்துல எல்லாரும் தரையிலதான் சேர் தூங்குவோம்."

"அதத்தான் அன்னைக்கே கேட்டேன்."

"அந்தம்மாவுக்கு அப்புறம் என்னா ஆச்சு சேர்?"

"நமக்குப் படம் மட்டுந்தான் வரும். அதுவும் பழசு. விடுங்க, ஒன்னுதானே. திருத்திடுங்க."

ஒன்று அல்ல என்பது எனக்குத் தெரியும். தரையில் கிடந்தவர்களை எல்லாம் நான் அப்படியே குறித்து வந்திருந்தேன். சொன்னால் வேலை போகலாம். அவருடைய சந்தேகமும் மெய்யாகிவிடும். சொல்லாவிட்டால், எங்கோ ஒரு சமையலறையில் விழுந்து கிடப்பவரைப் பார்த்து அந்த இயந்திரம் தூங்கட்டும் என்று விட்டுவிடும். அதற்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

நம் வழக்கம் அவர்களுக்குப் புரியவில்லை என்பதுபோலத்தான் அன்று மாலை அம்மாவிடம் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். அம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார்.

"பாய் கெடந்துச்சா?"

"இல்ல."

"சாக்காச்சும்? தலைக்கு ஏதாச்சும்?"

"இல்லம்மா."

"வெறுந்தரையில எவடி தூங்குவா? நம்ம வீட்டுல யாராச்சும் அப்புடிக் கெடந்தா சும்மா பாத்துக்கிட்டு நிப்பியா?"

எழுந்து வெளியே போனேன். லயத்தில் வளர்ந்ததால் தவறிவிட்டேன் என்று சேரிடம் காட்டிய காரணம் பொய். லயத்துக்காரியாகப் பார்த்திருந்தால் பாயைத் தேடியிருப்பேன். நான் பார்த்தது கட்டம், பெயர், அடுத்தது.

மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. தினமும் புதிய படங்களில் பாயைத் தேடினேன். எங்கும் இல்லை. பஸ்ஸில் திரும்பும்போது அந்தப் பாதம் நினைவுக்கு வரும். முட்டும்போதுகூட அசையாத பாதம்.

இன்று காலை எல்லாருக்கும் முன்பே போனேன். நான் தவறாகக் குறித்த தரைப் படங்கள் அத்தனையின் இலக்கங்களையும் எழுதி, கீழே என் பெயரையும் எழுதி, சேரின் மேசையில் வைத்தேன். அவர் வந்து அந்தத் தாளைக் கையில் எடுத்தபோது, நான் முதலாவது படத்தைத் திறந்து, ‘தூங்குகிறார்’ என்ற என் குறிப்பை அழித்திருந்தேன்.