கேட்கக் கூடாத பயணி

1974 ஆகஸ்ட் 12, திங்கட்கிழமை, மாலை ஐந்து மணி பத்து நிமிடம். தூறல் விடவில்லை. கோயமுத்தூரிலிருந்து ஆனைகட்டி போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒல்லியான ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, மடியில் வேதப்புத்தகம். விசாரித்தேன். பாஸ்டர் படிப்பு படிப்பவர். அட்டப்பாடி மலைக்கு ஊழியப் பயிற்சிக்குப் போகிறாராம். எதைக் கேட்டாலும் ஒரு நொடி கண்ணை மூடிவிட்டுத்தான் பதில் சொன்னார். எனக்கு எரிச்சலாக இருந்தது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு கண்டக்டர் எங்களிடம் வருவதற்குள் பஸ் மாங்கரையைத் தாண்டிவிட்டது.

"ஏனுங்க, டிக்கெட்?"

அவர் கண்ணை மூடித் திறந்தார். "காசு இல்லீங்க. காசில்லாமப் போகோணும், யாருகிட்டயும் கேக்கக் கூடாது. அதுதானுங்க பயிற்சி. கர்த்தர் தருவாரு."

"அவரு எந்த ஸ்டாப்புல ஏறுவாருங்க?"

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் விசில் ஊதினார். "எறங்குங்க."

வெளியே காடு, யானை இறங்கும் நேரம். அவர் மறுபேச்சில்லாமல் எழுந்தார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தொண்ணூற்றைந்து பைசாவை எடுத்து நீட்டினேன்.

மறுபடி உட்கார்ந்தவர் கண்ணை மூடிக் கர்த்தருக்கு நன்றி சொன்னார்.

"காசு குடுத்தது நானுங்க," என்றேன்.

"உங்களப் பத்தித்தானுங்க அவருகிட்டச் சொல்லிட்டிருக்கறேன்."

அது விசுவாசமா, சாமர்த்தியமா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆனைகட்டியில் இறங்கியபோதும் அவர் எதுவும் கேட்கவில்லை. அவர் திரும்பி வரும் பஸ்ஸுக்கும் நானாகவே கொடுத்தேன். ஆக மொத்தம் ஒரு ரூபாய் தொண்ணூறு பைசா.