முழு வருகை

எங்கள் வீட்டு அலமாரியில் ஓர் எவர்சில்வர் டம்ளர் இருக்கிறது. அதில் என் தங்கையின் பெயரும், ஒன்பதாம் வகுப்பு என்பதும், அதற்குக் கீழே ‘முழு வருகை’ என்பதும் புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டிருக்கின்றன. ஆண்டு முழுவதும் விடுப்பே எடுக்காமல் பள்ளிக்கு வந்ததற்கான பரிசு. அந்த ஆண்டில் என் தங்கை ஒரு நாள்கூடத் தன் வகுப்பறைக்குள் கால் வைக்கவில்லை என்று எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். அவளுக்குப் பிறவியிலேயே கால்கள் வேலை செய்யாது. சக்கர நாற்காலியும் அந்த அறைக்குள் போனதில்லை.

எட்டாம் வகுப்புவரை சிக்கல் இல்லை. வகுப்பு கீழ்த்தளத்தில் இருந்தது. எங்கள் ஊரான மதுக்கரையின் சிமென்ட் ஆலைத் தூசியில் அம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய், பெண்கள் வரிசையில் அவளுடைய தோழிக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு வருவார். அந்த இரண்டு பேரும் வகுப்பில் பேசிய பேச்சுக்கு ஆசிரியர்களிடம் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. ஒன்பதாம் வகுப்பு மாடியில். லிஃப்டும் இல்லை, சாய்தளமும் இல்லை. எட்டாம் வகுப்பை மேலே அனுப்பிவிட்டு ஒன்பதைக் கீழே இறக்கினால் தீர்ந்தது. பெஞ்சுகளைக்கூட மாற்ற வேண்டாம், பிள்ளைகள் அறை மாறி உட்கார்ந்தால் போதும்.

எங்கள் தலைமையாசிரியர் நல்லவர். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் அப்பா ஒரு வார்த்தையாவது சத்தம் போட்டிருப்பார். எங்கள் பக்கத்தில் முடியாது என்று யாரும் முகத்தில் அடித்தாற்போலச் சொல்வதில்லை. உட்கார வைத்து, டீ வரவழைத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு ‘ங்க’ சேர்த்து, வாசல்வரை வந்து வழியனுப்பிவைப்பார்கள். தெருமுனை தாண்டிய பிறகுதான் வந்த காரியம் நடக்கவில்லை என்பதே நமக்கு உறைக்கும்.

அம்மா அவ்வளவு எளிதில் விடுகிறவர் அல்ல. எங்கள் பங்குத் தேவாலய அரங்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் வழக்கறிஞர் ஒருவர் வந்து பேசியிருந்தார். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கு ஐக்கிய நாடுகள் சபையில் ஓர் உடன்படிக்கை இருக்கிறது, நம் நாடும் அதை ஏற்றுக் கையெழுத்திட்டிருக்கிறது, குழந்தையை மற்றப் பிள்ளைகளோடு சேர்த்துப் படிக்கவைக்கப் பள்ளிதான் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும், அந்தக் குழந்தையைப் பற்றி முடிவெடுக்கும் முன் அதன் விருப்பத்தையும் கேட்க வேண்டும் என்றெல்லாம் அவர் விளக்கினார். அம்மா அதை ஜெபம்போல மனப்பாடம் செய்துகொண்டு வந்தார்.

மறுநாள் அப்பா, அம்மா, தங்கை, நான் நான்கு பேரும் தலைமையாசிரியர் அறையில் இருந்தோம். “ஐ.நா. சபையில நம்ம நாடு கையெழுத்துப் போட்டிருக்குதுங்க சார். புள்ளைக்குத் தகுந்தாப்புல பள்ளிக்கூடந்தான் மாறோணுமாமுங்க” என்றார் அம்மா. தலைமையாசிரியர் சிரிக்கவில்லை. பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். “வாஸ்தவமுங்க அம்மணி. ஆனா ஐ.நா. சபை எங்கியோ இருக்குது, நாம மதுக்கரையில இருக்கறோமுங்க. ஒரு புள்ளைக்காக ரெண்டு கிளாசை மாத்துனா மத்த பேரண்ட்ஸ் சும்மா இருப்பாங்களா?” என்றார். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினார். “புள்ள எதுக்குங்க செரமப்படோணும்? ஊட்டுலயே படிக்கட்டும். பரீட்சைக்கு மட்டும் வரட்டும், ஆபீஸ் ரூம்ல உக்கார வெச்சு எழுத வெச்சுப்போடலாம். அட்டெண்டன்ஸ் தெனமும் நானே போடச் சொல்லிடறனுங்க.” அப்பா எழுந்து கும்பிட்டார். லாரி ஓட்டிப் பிழைக்கிற மனிதருக்குப் பெரிய மனிதர் ஒருவர் இவ்வளவு இறங்கி வந்ததே பெரிது. தங்கை அங்கேயேதான் இருந்தாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த வழக்கறிஞர் சொன்னதில் ஒரு வார்த்தையோடு முடிந்திருக்கக்கூடிய காரியம் அதுதான்.

அந்த ஆண்டு எங்கள் வீட்டுக்குப் பள்ளி மணிச் சத்தம் கேட்கும். மணி அடித்ததும் அவள் புத்தகத்தை எடுத்துவைப்பாள், இடைவேளை மணிக்கு மூடுவாள். பாடம் வீட்டிலும் நடக்கும். பக்கத்தில் உட்கார்ந்து கிசுகிசுக்க ஆள் வேண்டுமே. அந்தத் தோழி முதல் பருவத்தில் நோட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு அவளுக்கு வேறொருத்தி பக்கத்து இடத்தில் வந்துவிட்டாள். வருகைப் பதிவில் மட்டும் என் தங்கை தினமும் மாடியேறிக்கொண்டிருந்தாள்.

ஆண்டு விழாவில் முழு வருகைப் பரிசுக்கு அவள் பெயரை வாசித்தார்கள். யாரும் திட்டமிட்டுக் கேலி செய்யவில்லை. அலுவலகத்தில் இருந்தவர் பதிவைப் பார்த்து எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். மேடைக்கும் படிகள் இருந்ததால் தலைமையாசிரியரே டம்ளரோடு கீழே இறங்கி வந்தார். அவள் கையை நீட்டவில்லை. “இங்க வேண்டாமுங்க சார். வந்ததுக்குத்தானுங்களே குடுக்கறீங்க? மேல எங் கிளாஸ் ரூமுல வெச்சுக் குடுங்க, வாங்கிக்கறேன்” என்றாள். சுற்றியிருந்தவர்கள் அதைக் குறும்பு என்று எண்ணிக் கைதட்டினார்கள். அவர் டம்ளரை அவள் கைக்குள் வைத்து, தோளில் தட்டிக்கொடுத்துப் புகைப்படத்துக்கு நின்றார். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் இன்றும் ஆறவில்லை.

பத்தாம் வகுப்புக்கும் அதே ஏற்பாடு. அதற்குமேல் படிக்கச் சொன்னபோது, “போகாமப் படிச்சது போதும்” என்று மறுத்துவிட்டாள். இப்போது பீளமேட்டு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணினி வேலை செய்கிறாள். அலுவலகத்துக்கு வந்து சிரமப்பட வேண்டாம் என்று அவர்களும் மிகுந்த மரியாதையோடுதான் சொன்னார்கள்.

போன மாதம் தலைமையாசிரியர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஓய்வு பெற்றுவிட்டார், மகளுக்குக் கல்யாணம், பத்திரிகை வைக்க வந்திருந்தார். தங்கை அந்த டம்ளரைத்தான் எடுத்து அம்மாவிடம் நீட்டினாள், அம்மாவும் மறுபேச்சில்லாமல் அதிலேயே காப்பி கொடுத்தார். அவர் டம்ளரில் வெட்டியிருந்த எழுத்தைப் படித்துவிட்டு முகம் மலர்ந்தார். “பாத்தீங்களா, ஒரு நாளு கூட லீவு போடல! நம்ம ஸ்கூல் புள்ளைங்க அப்படி” என்றார். அவருக்கு உண்மையாகவே எதுவும் நினைவில்லை.

பத்திரிகையைத் தட்டில் வைத்து அப்பாவிடம் கொடுத்தார். எல்லோரும் முந்தின நாளே வந்துவிட வேண்டும் என்று வற்புறுத்தினார். பிறகு என் தங்கையின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினார்.

“மண்டபம் மாடியிலங்க. நீ செரமப்பட வேண்டாங் கண்ணு, வந்த மாதிரியே நெனச்சுக்கறேன்.”

காப்பியைச் சொட்டு விடாமல் குடித்து முடித்து, டம்ளரை அவள் கையில் கொடுத்தார். அதை அவர் அவளிடம் கொடுத்தது அது இரண்டாவது முறை.